வெயிலில் காய வைத்த ஃபஸ் பெடல்

அந்தப் பெண் என் மேஜையில் பெட்டியை வைத்தது ஒரு திங்கட்கிழமை மத்தியானம். சித்திரை வெயில் தகரக் கூரையில் இறங்கி, கடைக்குள் ஃபேன் சூட்டைத்தான் சுற்றிச் சுற்றி வீசிக்கொண்டிருந்தது. அவளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். தோளில் கிட்டார் உறை. சூலூரிலிருந்து இரண்டு பஸ் மாறி, கோயமுத்தூர் கணபதிக்கு வந்திருந்தாள்.

"ஏனுங்கண்ணா, இது கரகரங்குதுங்க. ஞாயித்துக்கெழமைக்குள்ள சரி பண்ணிக் குடுக்கோணுமுங்க."

அது ஃபஸ் பெடல். கிட்டாரிலிருந்து வரும் சத்தத்தை உள்ளே வாங்கி, கிழித்து, கொதிக்க வைத்து வெளியே அனுப்புகிற பெட்டி. காலால் மிதித்தால் வேலை செய்யும், மறுபடி மிதித்தால் நிற்கும்.

"கரகரங்கறதுக்குத்தான அம்மணி இந்தப் பொட்டியே?" என்றேன்.

"அது வேற கரகரப்புங்க. இது நடுவுல விட்டு விட்டுப் போகுதுங்க."

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆங்கிலம் எழுத்துக் கூட்டித்தான் வரும். ஆனால் சர்க்யூட் படத்தை மற்றவர்கள் தினசரிப் பேப்பர் படிப்பது போலப் படிப்பேன். கணபதியில் நாற்பது வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். மோட்டார் வைண்டிங்கில் தொடங்கி, கோவில் மைக் செட் ஆம்ப்ளிஃபயர், போர்வெல் பேனல், ஸ்டெபிலைசர் என்று என் கை படாத சாமான் இந்த வட்டாரத்தில் குறைவு. டிப்ளமா படித்தவர்கள் கைவிட்ட ஆம்ப்ளிஃபயரை அவர்கள் முன்னாலேயே பாட வைத்திருக்கிறேன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள். சூலூரில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் பதினான்கு வருஷமாக வேலை. தறிச் சத்தத்தில் இடது காது மந்தமாகிவிட்டது. இன்னும் இரண்டு மூன்று வருஷம் தறியில் நின்றால் வலது காதும் போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இடது காது மந்தமானதால்தான் என்னிடம் பேசும்போது முகத்தைச் சற்றுத் திருப்பி வலது பக்கத்தைக் காட்டிக்கொண்டே இருந்தாள். சின்ன வயதிலிருந்து சர்ச்சில் கிட்டார் வாசிப்பவள். கல்யாணம், கோவில் நோம்பித் திருவிழா என்று வாசிக்கப் போகும் ஓர் இசைக்குழுவில் கிட்டார்காரர் இடம் காலியாகியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தேர்வு. இவளும் ஓர் இளைஞனும் மட்டும். இவளை எடுத்துவிட்டால் தறியை விட்டுவிடலாம்.

"அங்கயும் சத்தந்தான அம்மணி?"

"தறி பத்து மணி நேரமுங்க. பாட்டு மூணு மணி நேரம். அதுவும் காதுல பஞ்சு வெச்சுக்கலாமுங்க. தறில பஞ்சு வெச்சா நூலு அந்து போறது கேக்காதுங்க."

தேர்வுக்குக் கொடுத்த இரண்டு பாட்டிலும் ஃபஸ் சத்தம் வேண்டும். இந்தப் பெட்டி அவளுக்குக் கிட்டார் சொல்லிக்கொடுத்தவர் வெளிநாடு போகும்போது விட்டுப்போனது. புதிதாக ஆர்டர் போட்டால் வர பத்து நாளாகும்.

"பத்தே நிமிஷம்" என்றேன். "பேக்கரில ஒரு டீ குடிச்சுட்டு வாங்க. வாரப்ப பொட்டி ரெடி."

திறந்து பார்த்தேன். தொப்பி போட்ட இரண்டு பழைய ஜெர்மானியம் டிரான்சிஸ்டர். அதில் ஒன்றின் கால் விட்டுப் போயிருந்தது. ஒரு பொட்டு ஈயம் வைத்தால் முடிந்தது. சின்ன சால்டரிங் அயர்னின் முனை தேய்ந்து கிடந்தது. மோட்டார் ஒயர் பற்ற வைக்கிற பெரிய அயர்ன் சூடாகவே இருந்தது. பத்து நிமிஷம் என்று வாய் விட்டாகிவிட்டதே, அதையே எடுத்தேன்.

ஜெர்மானியம் சூடு தாங்காது. இது எனக்குத் தெரியாத விஷயமா? பாக்கெட் ரேடியோ காலத்தில் மற்றவர்களுக்கு நானே சொல்லிக்கொடுத்த விஷயம். ஆனாலும் கை அழுத்திவிட்டது. மீட்டர் வைத்துப் பார்த்தால் டிரான்சிஸ்டர் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி காட்டியது. செத்துவிட்டது. பதறிப்போய் அதைப் பிடுங்கினேன். பழைய போர்டு, செம்புத் தடமும் வெங்காயத் தோல் மாதிரி உரிந்து கூடவே வந்தது.

மத்தியானச் சோறு கொண்டுவந்த என் மனைவி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டீ குடித்துவிட்டு அந்தப் பெண் வந்தாள். நான் சொன்னேன்: "இது ஏற்கெனவே செத்துப் போச்சாட்டம் இருக்குது அம்மணி. உள்ள எல்லாமே ஒழுகிப் போயிருக்குது. இத வெச்சுட்டு மல்லுக்கட்டறது வேஸ்ட்டு. நானே புதுசா ஒண்ணு செஞ்சு தாரேன். இதவிட நல்லா."

அவள் மேஜையில் கிடந்த போர்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "ஞாயித்துக்கெழமைக்கு ஆயிருமுங்களா?"

"வெள்ளிக்கெழமையே ஆயிரும்."

அவள் போன பிறகு என் மனைவி தூக்குப் போசியைத் திறந்து வைத்துக்கொண்டே சொன்னாள்: "ஏனுங்க, கொன்னது நீங்க. பொட்டி தானாச் செத்துப்போச்சுன்னு அந்தப் புள்ளகிட்டச் சொல்றீங்களே."

"புதுசு செஞ்சு குடுக்கறேனல்ல?"

"அதச் செய்யுங்க. இதயும் சொல்லிப்போடுங்க."

"ஞாயித்துக்கெழம முடியட்டும்."

செத்த போர்டையே திருப்பித் திருப்பிப் பார்த்துக் காகிதத்தில் படம் வரைந்தேன். அதிக சாமான் இல்லை. இரண்டு டிரான்சிஸ்டர், நாலைந்து ரெசிஸ்டர், மூன்று கண்டன்சர், இரண்டு திருகு குமிழ். பரணில் பழைய பாக்கெட் ரேடியோ ஒரு சாக்கு கிடந்தது. அதைக் கொட்டி பதினேழு ஜெர்மானியம் கழற்றினேன். பெரும்பாலானவை சும்மா இருக்கும்போதே மின்சாரத்தைக் கசிய விட்டன. கடைசியில் தேறியது இரண்டே இரண்டு. இந்த முறை புது முனை போட்ட சின்ன அயர்ன், டிரான்சிஸ்டர் காலைப் பிடிக்க மூக்குக் குறடு, ஒவ்வொரு காலுக்கும் நடுவில் ஆற விடுதல். இந்த இரண்டும் போனால் மூன்றாவது ஜோடி கிடையாது.

புதன் சாயங்காலம் தறி முடிந்து அவள் வந்தாள். கடை ஆம்ப்ளிஃபயரில் கோர்த்து வாசித்தாள். நான் காத்திருந்தேன், பாராட்டுக்கு.

"நெம்ப சுத்தமா இருக்குதுங்கண்ணா" என்றாள்.

"பின்ன?"

"எனக்குச் சுத்தம் வேண்டாமுங்க."

யோசித்துப் பாருங்கள். நாற்பது வருஷமாக ஆம்ப்ளிஃபயரிலிருந்து கரகரப்பை எடுப்பதுதான் என் பிழைப்பு. படத்தில் இல்லாத ஒரு ரெசிஸ்டரை நானே சேர்த்து, சத்தம் கிழியாமல் திருத்தி வைத்திருந்தேன். என் கைக்கு அதுதான் பழக்கம். எங்கே கிழிய வேண்டும், எவ்வளவு கிழிய வேண்டும் என்று அவளிடம் கேட்டேன். அவள் சொன்னாள்: "மழையில நனஞ்ச ஸ்பீக்கர்ல ஒருத்தர் தொண்ட கட்டிப் பாடறாரு. ஆனா சுருதி போகல. அப்படிங்க."

ஆண்டவனுக்குத்தான் தெரியும். ஆனால் புரிந்துவிட்டது. ரெசிஸ்டரைக் கழற்றினேன்.

வியாழக்கிழமை கிழிந்தது. நன்றாகவே கிழிந்தது. கூடவே ரேடியோவும் வந்தது. அவள் கம்பியைத் தொடாமல் இருக்கும்போது ஸ்பீக்கரில் யாரோ வாழைக்கன்று நடவு பற்றிப் பொறுமையாகப் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் வந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் சிரித்தாள்.

"கச்சேரில பாட்டுக்கு நடுவுல இவரும் பேசுவாருங்களா?"

திறந்த போர்டு ஏரியல் மாதிரி காற்றில் வருவதை எல்லாம் இழுத்தது. அதற்கு இரும்போ அலுமினியமோ சுற்றிலும் வேண்டும். என்னிடம் இல்லாத பெட்டியா? ஐந்து குதிரைசக்தி மோட்டாரின் பக்கத்தில் ஒயர் கோர்க்க வரும் டெர்மினல் பாக்ஸ், வார்ப்பு அலுமினியம், யானை மிதித்தாலும் தாங்கும். அதில் துளை போட்டு, குமிழும் ஜாக்கும் கால் சுவிட்சும் பொருத்தினேன். வாழைக்கன்று பேசியவர் வாயை மூடினார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு அவள் அரை நாள் பர்மிஷன் போட்டு வந்தாள். கடைக்குள் அடுப்படி மாதிரி சூடு. உள்ளே ஒரு பிரீசெட் வைத்திருந்தேன், சின்னத் திருப்புளியால் திருப்புகிற குட்டிக் குமிழ். இரண்டாவது டிரான்சிஸ்டருக்குப் போகும் வோல்ட்டை அது ஏற்றி இறக்கும். மீட்டரைப் பார்த்துப் பார்த்து நான் திருப்ப, அவள் கண்ணை மூடிக்கொண்டு, வலது காதை ஸ்பீக்கருக்குக் கொடுத்து வாசித்தாள். மெல்லத் தட்டினாள். ஓங்கித் தட்டினாள். கிட்டாரின் குமிழைக் குறைத்தாள், கிழிசல் அடங்கி மணி மாதிரி வந்தது. ஏற்றினாள், மறுபடி கொதித்தது. கடைசியில் ஒரே ஒரு ஸ்வரத்தை இழுத்துப் பிடித்துக் காலால் தாளம் எண்ணினாள். பதினாறு எண்ணிக்கை வரை அது நின்று, மெல்ல மெல்லக் கரைந்தது.

கண்ணைத் திறந்தாள். "இதுதானுங்கண்ணா."

பேட்டரி ஒன்பது வோல்ட். மீட்டர் முள் சரியாகப் பாதியில், நாலரையில் நின்றது. சொன்ன நாளில் முடித்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை நான் செய்ததைச் சொல்லாமல் விட்டுவிடலாம். சொல்லிவிடுகிறேன். போர்டு மேல் கறுப்பு ரெசின் ஊற்றினேன்.

என் கடையிலிருந்து போகும் எந்த போர்டும் ரெசின் இல்லாமல் போகாது. பல வருஷம் முன்னால் போர்வெல்லில் தண்ணீர் வற்றினால் மோட்டாரைத் தானாக நிறுத்தும் ஒரு சர்க்யூட் செய்தேன். நானே யோசித்துச் செய்தது. ஒரே வாரத்தில் பக்கத்துத் தெருவில் ஒருவர் அதைத் திறந்து பார்த்து, அப்படியே செய்து, தன் பெயர் ஒட்டி விற்றார். அன்றிலிருந்து ரெசினும் ஹார்டனரும் கலந்து ஊற்றி மூடிவிடுவேன். இறுகினால் கல். உளி வைத்தால் சாமானும் சேர்ந்து உடையும். கோயமுத்தூரில் என்னைப் போல நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். பிரீசெட்டும் உள்ளே போயிற்று. அதை இனிமேல் எதற்குத் திருப்ப வேண்டும்? நாலரையில் நிற்கிறதே.

பெட்டியைச் சனிக்கிழமை சாயங்காலமே அவள் வாங்கிப் போயிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். கூப்பிடாமலே போனேன். என் பெட்டி பேசும்போது நான் பக்கத்தில் இருக்க வேண்டாமா? அவிநாசி ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தின் இரண்டாவது மாடியில், சின்ன ஏசி ஹாலில் தேர்வு. படியேறி உள்ளே போனதும் வேர்வை உடம்பில் அப்படியே உறைந்தது. எனக்கு அப்போதும் எதுவும் தோன்றவில்லை.

இசைக்குழுத் தலைவர் முன் வரிசையில் நோட்டோடு உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதுக்காரர், குரல் உயர்த்தாத மனிதர். பக்கத்தில் ஸ்பீக்கர், ஒயர் எல்லாம் பார்த்துக்கொள்ளும் சவுண்ட்காரர். முதலில் அந்த இளைஞன் வாசித்தான். நன்றாகவே வாசித்தான். தலைவர் தலையாட்டி எழுதிக்கொண்டார்.

இவள் போய் ஒயரைக் கோர்த்தாள். டெர்மினல் பாக்ஸைப் பார்த்துவிட்டு சவுண்ட்காரர் கேட்டார்: "ஏனுங்க, இது கிட்டாருக்குங்களா, கெணத்து மோட்டாருக்குங்களா?"

"வாசிச்ச பொறகு பேசுங்க தம்பி" என்றேன்.

சரி பார்க்க அவள் ஒரு ஸ்வரத்தைத் தட்டினாள். கிழிந்து எழும்பியது. மூன்று எண்ணிக்கை. நாலாவதில் யாரோ கழுத்தைப் பிடித்தது போல விக்கி, டப்பென்று நின்றது.

அவள் மறுபடி தட்டினாள். அதே மாதிரி.

ஓரத்தில் நின்ற என்னிடம் வந்து, வலது காதைத் திருப்பி, மெதுவாகக் கேட்டாள்: "ஏனுங்கண்ணா, நோட்டு ஒடையுதுங்களா? இல்ல எனக்குத்தான் அப்படிக் கேக்குதுங்களா?"

நான் சொன்ன பதிலை இன்றைக்கும் என்னால் விழுங்க முடியவில்லை. "பொட்டி சரியாத்தான் இருக்குது அம்மணி" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. நாற்பது வருஷமாக எந்தக் கஸ்டமர் வந்து குறை சொன்னாலும் முதலில் வாயில் வருவது அதுதான்.

அவள் கை தானாக இடது காதுக்குப் போனது. "அப்பச் சரிங்க" என்றாள்.

அவள் திரும்பி நாலடி வைப்பதற்குள் எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. குளிர். முன்பு ஊட்டியிலிருந்து ரிப்பேருக்கு வரும் ஜெர்மானியம் ரேடியோக்கள் என் கடையில் ஒரு மாதிரி பாடும், ஊருக்குத் திரும்பிப் போனால் வேறு மாதிரி பாடும். சூடு ஏறினால் கசிவு ஏறும், குளிர்ந்தால் குறையும், முள்ளும் கூடவே நகரும். தகரக் கூரைக்குக் கீழே, வெள்ளிக்கிழமை இரண்டு மணி வெயிலில் வைத்த நாலரை இந்த ஹாலில் நாலரை இல்லை. பிரீசெட்டைக் கொஞ்சம் திருப்பினால் போதும். பிரீசெட் கல்லுக்குள் இருந்தது.

"ஒரு ஒயரு லூசுங்க. அஞ்சு நிமிஷம் குடுங்க" என்று தலைவரிடம் சொல்லிவிட்டு, பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு கீழே ஓடினேன். அறுபத்தாறு வயதில் இரண்டு மாடி. வாசலில் ஒரு வேன் நின்றிருந்தது. அதன் முன்பக்கத் தகடு கை வைக்க முடியாமல் கொதித்தது. அதன் மேல் பெட்டியை வைத்தேன். வேன் டிரைவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"வடாம் காயப் போடறீங்களா?"

"ஆமாங்க" என்றேன். பெட்டியைத் திருப்பிப் போட்டேன். கை சுட்டதும் எடுத்துக்கொண்டு, சட்டைக்குள் வயிற்றோடு அணைத்துப் படியேறினேன். தோல் பொசுங்கியது. ஒயரைக் கோர்த்து, "சீக்கிரம் வாசிங்க" என்று மட்டும் அவளிடம் சொன்னேன்.

முதல் பாட்டு அறுபடாமல் நின்றது. நின்றது என்றால், வெள்ளிக்கிழமை வந்த அதே சத்தம். சவுண்ட்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தலைவரின் பேனா நோட்டை விட்டு மேலே வந்தது. நான் பாட்டைக் கேட்கவில்லை. ஏசி காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நேராக அந்த அலுமினியத்தின் மேல்தான் வீசியது.

முதல் பாட்டு முடிந்ததும் தலைவர் தண்ணீர் குடித்தார். சவுண்ட்காரரிடம் ஏதோ பேசினார். நான் மனதுக்குள் அவரை வைதுகொண்டிருந்தேன். பிறகு, "அடுத்ததுங்க அம்மணி" என்றார்.

இரண்டாவது மெதுவான பாட்டு. நடுவில் நீளமாக ஓர் இழுப்பு வரும், பதினாறு எண்ணிக்கை. அவள் அதற்கு வந்தாள். தட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. டப்.

அவள் விடாமல் இன்னொரு தடவை தட்டினாள். நாலில் நின்றது. பாட்டை நிறுத்திவிட்டாள்.

தலைவர் மெதுவாகத்தான் சொன்னார். "விரல்ல புடி பத்தலீங்க அம்மணி. நோட்டு நிக்க மாட்டீங்குது. மொதப் பாட்டுல நல்லாத்தான் இருந்துச்சு." நோட்டில் எழுத ஆரம்பித்தார்.

"மன்னிக்கோணுங்க" என்றாள். "நான் முன்னாடியே சொல்லியிருக்கோணும். எனக்கு எடது பக்கம் காது—"

"காது இல்லீங்க" என்றேன். ஹாலில் எல்லோரும் திரும்பினார்கள். நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. "அவுங்க காதும் நல்லாருக்குது, விரலும் நல்லாருக்குது. கோளாறு பொட்டில. பொட்டி செஞ்சது நானு."

எத்தனையோ மேடை ஓரத்தில் நின்று 'செய்தது நான்' என்று சொல்லியிருக்கிறேன். அந்தச் சொல் அவ்வளவு கனமாக ஒரு நாளும் இருந்ததில்லை. ஜெர்மானியம், சூடு, தகரக் கூரை, ரெசின், வேன் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல சவுண்ட்காரர் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தலைவர் கேட்டார்: "தொறந்து சரி பண்ண முடியாதுங்களா?"

"முடியாதுங்க. யாரும் தொறக்கக் கூடாதுன்னுதான் ஊத்துனேன்."

"நீங்களும் தொறக்க முடியாதுங்களா?"

"நானுந்தானுங்க."

அவர் பெட்டியை எட்டிப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்து, "பொட்டியக் கழட்டிப்போட்டு அந்த இழுப்ப மட்டும் வாசிங்க" என்றார்.

வெறும் கிட்டார். மெல்லிய சத்தம். அவள் வலது காதைத் தன் தோள் பக்கம் சாய்த்துக்கொண்டு தட்டி, விரலை ஆட்டாமல் அழுத்திப் பிடித்தாள். நான் எண்ணினேன். பத்து தாண்டியது. பன்னிரண்டு, பதின்மூன்று, எங்கே கரைந்தது என்று சொல்ல முடியவில்லை. தலைவர் தான் எழுதியதன் மேல் ஒரு கோடு இழுத்தார். "போன் பண்றனுங்க" என்றார். அவ்வளவுதான்.

கீழே வந்து வேன் நிழலில் நின்றோம். அவள் கேட்ட முதல் கேள்வி இது: "நெசமாலுமே என் காது இல்லீங்களா? எனக்காவச் சொல்லலீங்களே?"

"சத்தியமா இல்ல அம்மணி. நாலாவது எண்ணிக்கைல நின்னுச்சு. நானுங் கேட்டேன். கேட்டுட்டுத்தான் உங்ககிட்டப் பொய் சொன்னேன்."

அவள் பக்கத்திலிருந்த குட்டைச் சுவரில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் முகத்தை நன்றாகத் துடைத்தாள். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று மிச்சத்தையும் சொன்னேன். "உங்க பழைய பொட்டியும் தானாச் சாகல. நாந்தான் பெரிய அயர்னு வெச்சுத் தீச்சுப்போட்டேன்."

"அது தெரியுமுங்க."

"எப்படி?"

"டீ குடிச்சுட்டு உள்ள வந்ததுமே தீஞ்ச வாசம் அடிச்சுது. காதுதானுங்க மந்தம். மூக்கு நல்லாத்தான் இருக்குது."

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"கேட்டா நீங்க கோவிச்சுட்டு, செய்ய மாட்டேன்னு சொல்லிப்போட்டா நான் ஞாயித்துக்கெழமைக்கு எங்க போறதுங்க?"

செவ்வாய்க்கிழமை போன் வந்தது, எனக்கு இல்லை, அவளுக்கு. பாதி நல்ல செய்தி. திறந்தவெளிக் கச்சேரிக்கு அவள், ஏசி மண்டபத்துக்கு அந்த இளைஞன். குளிரிலும் சத்தம் நிற்கிற பெட்டியோடு வந்தால் இன்னொரு முறை பார்க்கலாம். பாதி வேலையை நம்பித் தறியை விட முடியாது. அவள் நேராகக் கடைக்கு வந்து, நின்றபடியே சொன்னாள்.

"இன்னொண்ணு செய்யுங்க. ரெசின் வேண்டாம். அந்தக் குட்டித் திருகு வெளிய வேணும், நானே திருப்பிக்கறாப்பல."

"அது மீட்டரு வெச்சுத் திருப்பறது அம்மணி."

"காது வெச்சுத் திருப்பிக்கறனுங்க."

ஜெர்மானியம் தேடி உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் மூன்று நாள் அலைந்தேன். இரண்டாவது பெட்டிக்கு மூன்று குமிழ். மூன்றாவது அந்தத் திருகு. சோதிப்பதற்கு ஏசி எங்கே போவது? என் மனைவி ஃபிரிட்ஜில் இட்லி மாவுப் போசியை நகர்த்தி இடம் பண்ணிக் கொடுத்தாள். பிளாஸ்டிக் கவரில் கட்டி கால் மணி நேரம் உள்ளே, வெளியே எடுத்து ஓட்டம், கடையில் வாசிப்பு. பிறகு கூரை மேல் கால் மணி நேரம், மறுபடி வாசிப்பு. அந்தப் பெண் ஒவ்வொரு தடவையும் மூன்றாவது குமிழை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, சத்தம் திரண்டு வரும் இடத்தில் நிறுத்தினாள். நான் மீட்டர் வைத்துப் பார்த்தேன். என் நாலரையிலிருந்து அரை வோல்ட் தள்ளி நின்றது. சரி செய்யலாம் என்று கையை நீட்டினேன். என் விரலில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"தொடாதீங்கண்ணா. இங்கதான் நிக்குது."

வாசித்துக் காட்டினாள். நின்றது. நான் சொன்ன இடத்தில் வைத்தும் வாசித்துக் காட்டினாள். அதுவும் நின்றது, ஆனால் உயிர் இல்லை. மீட்டரை உறையில் போட்டேன்.

அதே ஹால், அதே ஏசி. இந்த முறை என்னை அவளே கூப்பிட்டிருந்தாள். கடைசி வரிசையில் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதல் பாட்டு முடிந்தது. தலைவர் வேண்டுமென்றேதான் செய்திருப்பார், எழுந்து போய் ஏசியை இன்னும் குளிராக வைத்துவிட்டு வந்தார். பத்து நிமிஷம் சும்மா உட்கார வைத்தார். பெட்டி குளிர்ந்துகொண்டிருப்பது எனக்கு என் தோலில் தெரிந்தது. "அடுத்ததுங்க" என்றார்.

அவள் குனிந்தாள். ஒரு ஸ்வரம் தட்டினாள், விக்கியது. மூன்றாவது குமிழைச் சற்றுத் திருப்பினாள். மறுபடி தட்டினாள், இன்னும் விக்கல். என் கால் எழுந்துவிட்டது, கையைத்தான் அடக்கி வைத்தேன். அவள் என் பக்கம் பார்க்கவே இல்லை. கண்ணை மூடி, வலது காதைத் தாழ்த்தி, இன்னும் ஒரு மயிரிழை. தட்டினாள். நின்றது. விக்கல் இல்லை. அங்கிருந்தே பாட்டுக்குள் போய்விட்டாள். நீள இழுப்பு வந்தபோது நான் எண்ணவில்லை. தலைவர் எண்ணினார், விரலை மடக்கி மடக்கி.

முடிந்ததும் நோட்டை மூடினார். "வர்ற செவ்வாக்கெழம திருப்பூர்ல ஒரு கல்யாணம். ஏசி மண்டபம். சாயங்காலம் நாலு மணிக்கு வண்டி கெளம்பிரும். வந்துருவீங்களா அம்மணி?"

அவள் ஒயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்: "நாளைக்குத் தறில வேலைய விட்டுக்கறேன்னு சொல்லிப்போட்டு வந்துர்றனுங்க."